பங்குனி வெயிலை நம்பித் தேனீப் பெட்டியைத் திறக்கலாமா?

வாசகர் கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுத்தவர். இப்போது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம் மூன்று தேனீக் கூட்டங்களை வாங்கி, தெரிந்தவர் ஒருவருடைய பண்ணையில் வைத்தேன். மூன்றும் இரண்டடுக்குப் பெட்டிகள். நவம்பரில் கறுப்பு உறை போர்த்தியபின் திறக்கவே இல்லை. மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் நல்ல வெயில், 6 டிகிரி. போய்ப் பார்த்தபோது இரண்டு பெட்டிகளில் காது வைத்தால் ரீங்காரம் கேட்டது. மூன்றாவதில் ஓசையே இல்லை. முன்னால் பனியில் நூற்றுக்கணக்கான தேனீக்கள் செத்துக் கிடந்தன. பனி முழுவதும் மஞ்சளும் பழுப்புமாகத் துளிகள். அப்பா எட்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து சட்டம் சட்டமாகப் பார்ப்பார். நான் நான்கு மாதமாகப் பார்க்கவில்லை என்பது மனத்தை அரிக்கிறது. இப்போது திறக்கலாமா? சர்க்கரைப் பாகோ கருப்பட்டிப் பாகோ வைக்கலாமா? மூன்றாவது பெட்டியில் தேன் மிஞ்சியிருந்தால் அதை மற்ற இரண்டுக்கும் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீங்காரம் கேட்கும் இரண்டு பெட்டிகளிலும் அடை கட்டிய மரச்சட்டங்களை இப்போது வெளியே எடுக்க வேண்டாம். ஆனால் அவற்றின் எடையை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ஓசையற்ற மூன்றாவது பெட்டியை அடுத்த வெயில் நாளில் திறந்து பாருங்கள். அதில் உயிர் இல்லை என்பது உறுதியானால் அன்றைக்கே அதன் வாசல்களை அடைத்துவிடுங்கள். கருப்பட்டி எந்த வடிவத்திலும் வேண்டாம். இவற்றுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் மனத்தில் பதிந்துவிட்டால் அடுத்த ஆண்டு இதே நாளில் நீங்களே முடிவெடுப்பீர்கள்.

உங்கள் அப்பா செய்தது அவருடைய ஊருக்கும் அவர் வளர்த்த தேனீக்கும் மிகச் சரியான முறை. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தை, மாசியில் புதிதாகத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் உள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. பூவே இல்லாமல் தேன் கிடைக்கும் அந்த மாதங்கள்தான் அங்கே அறுவடைக் காலம். பெட்டி நிறைந்துகொண்டே வரும் அந்த நாட்களில் வாரம் ஒருமுறை திறந்து பார்க்காதவர் தேனையும் இழப்பார், பிரிந்து பறக்கும் கூட்டத்தையும் இழப்பார். வெளியே வெயில் 30 டிகிரியைத் தொடும் ஊரில், சட்டத்தைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றாலும் அதிலுள்ள புழுக்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதே மாசியும் பங்குனியும் ஒன்டாரியோவில் தேனீக்கு ஆண்டின் மிகக் கடுமையான பசிக்காலம். ஜனவரியின் கொடுங்குளிரைத் தாண்டிவிட்ட கூட்டங்கள் மார்ச்சு இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் சாவதை இங்கே தேனீ வளர்ப்போர் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். அவற்றை அப்போது கொல்வது பெரும்பாலும் குளிரன்று, உணவு தீர்ந்துபோவதுதான்.

ஏன் அப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பெட்டிக்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேனீக்கள் குளிர்காலத்தில் உறங்குவதில்லை. வெளிவெப்பம் சுமார் 14 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை சட்டங்களுக்கிடையே ஒன்றையொன்று நெருங்கி ஒரு திரளாகின்றன. திரளில் உள்ள தேனீக்கள் சிறகை அசைக்காமல், பறப்பதற்கான மார்புத் தசைகளை மட்டும் நடுங்கவைத்து வெப்பம் உண்டாக்குகின்றன. வெளிச்சுற்றில் உள்ளவை தலையை உள்நோக்கி வைத்து ஒரு போர்வைபோல் நெருங்கி நிற்கின்றன. நீங்கள் காது வைத்துக் கேட்ட ரீங்காரம் அந்தத் திரளின் ஓசை. டிசம்பரில் புழு எதுவும் இல்லாத நிலையில் திரளின் நடுவே 20 டிகிரியை ஒட்டி வெப்பம் இருந்தால் போதும். அதற்கு ஆகும் தேனும் குறைவு. ஆனால் நாள் நீளத் தொடங்கியதும், பெரும்பாலும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, ராணி மறுபடி முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. முட்டையும் புழுவும் வந்துவிட்டால் திரளின் நடுப்பகுதியை 34, 35 டிகிரியில் இரவும் பகலும் வைத்திருந்தாக வேண்டும். வெளியே மைனஸ் 15 என்றாலும் அப்படித்தான். ஆகவே டிசம்பரில் ஒரு மாதத்துக்குப் போதுமாயிருந்த தேன் மார்ச்சில் ஒரு வாரம் பத்து நாளிலேயே கரைந்துபோகிறது. வெளியே எடுத்துவர ஒரு பூவும் இல்லை.

முட்டையிட்ட நாளிலிருந்து பணித்தேனீ அறையைவிட்டு வெளிவர 21 நாட்கள் ஆகும். பிப்ரவரி நடுவில் இட்ட முட்டையிலிருந்து மார்ச் இரண்டாம் வாரத்தில்தான் புதுத் தேனீ பிறக்கும். அதுவரை பெட்டியைத் தாங்குவது சென்ற செப்டம்பரிலும் அக்டோபரிலும் பிறந்த கிழத் தேனீக்கள். கோடையில் ஐந்தாறு வாரமே வாழும் பணித்தேனீ, உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேர்த்துக்கொண்டு குளிர்காலத் தேனீயாகப் பிறக்கும்போது ஐந்து, ஆறு மாதம் வாழ்கிறது. அந்த ஆயுளின் கடைசி நாட்களில்தான் அது இப்போது இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் நாம் சட்டத்தை உருவி வெளியே எடுத்தால் திரள் உடைகிறது, 35 டிகிரியில் இருந்த புழு 6 டிகிரிக் காற்றில் படுகிறது, கூட்டம் மெழுகையும் மரப்பிசினையும் கொண்டு தனக்கென ஒட்டிவைத்த இடைவெளிகள் பிளந்துபோகின்றன, அவற்றை மறுபடி ஒட்டுவதற்கு வேண்டிய பிசின் வெளியே எங்கும் கிடைப்பதில்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கே தேனீ வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில், மார்ச்சு மாதத்து வெயில் நாள் ஒன்றில், ராணி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில் நன்றாயிருந்த ஒரு கூட்டத்தின் ஐந்து சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ராணி இருந்தது. அன்றிரவு வெப்பம் மைனஸ் 12 டிகிரிக்கு இறங்கியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது வாசலில் வெளிறிய கூட்டுப்புழுக்கள் குவிந்திருந்தன. ஏப்ரலில் அந்தப் பெட்டியில் ஒரு கைப்பிடித் தேனீயே மிஞ்சியது. வெயில் நம் முகத்தில் படும் சூட்டை வைத்துப் பெட்டியின் நிலையை மதிப்பிடக் கூடாது என்று அன்றுமுதல் வெப்பமானியைத்தான் பார்க்கிறேன்.

திறக்காமலே அறியக்கூடியது நிறைய இருக்கிறது. முதலில் எடை. பெட்டியின் பின்பக்க அடிப்பலகையை ஒரு கையால் அரை அங்குலம் தூக்கிப் பாருங்கள். தரையோடு ஒட்டியதுபோல் கனத்தால் இன்னும் தேன் இருக்கிறது. காலிப் பெட்டிபோல் சட்டென்று எழும்பினால் ஆபத்து. கைப்பழக்கம் இல்லாத முதல் ஆண்டில், ஊருக்குப் போகும்போது பயணப் பெட்டி நிறுப்பதற்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் கொக்கித் தராசே நல்ல துணை. அடிப்பலகையின் பின்விளிம்பில் கொக்கியை மாட்டி இலேசாகத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த எடை ஏறத்தாழக் கிடைக்கும். உங்களிடம் உள்ள உபரிப் பெட்டிகளை அடை கட்டிய சட்டங்களோடு அதே உயரத்துக்கு அடுக்கி அதையும் இப்படியே நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது தேனும் மகரந்தமும் தேனீக்களும். இங்கே வழக்கத்தில் உள்ள லாங்ஸ்ட்ராத் வகைப் பெட்டியின் ஆழமான சட்டம் ஒன்று இருபக்கமும் நிறைந்திருந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ தேன் பிடிக்கும். குளிர்காலத்துக்குள் நுழையும்போது 27 முதல் 40 கிலோ தேன் வேண்டும் என்பது இந்தக் குளிர்நாட்டுக் கணக்கு. மார்ச் நடுவில் எட்டுப் பத்துக் கிலோவுக்குக் குறைவாக மிஞ்சியிருந்தால் நான் காத்திருக்க மாட்டேன், உணவு வைத்துவிடுவேன்.

அடுத்து வாசல். கீழ்வாசலில் செத்த தேனீக்கள் குவிந்து அடைத்துக்கொண்டிருக்கும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு மெல்ல இழுத்து வெளியேற்றுங்கள். மேல்வாசல் பனிக்கட்டி இல்லாமல் திறந்திருக்க வேண்டும். திரள் விடும் ஈரக்காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும், இல்லையென்றால் மூடியில் படிந்து குளிர்ந்த நீராகத் தேனீக்களின் மேல் சொட்டும். உலர்ந்த குளிரைத் தாங்கும் கூட்டம் நனைந்த குளிரைத் தாங்காது. பெட்டியைச் சுற்றியுள்ள பனியை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, அது காற்றைத் தடுக்கிறது.

மூன்றாவது, மேல்மூடியின் கீழ் ஒரு பார்வை. இது சட்டத்தை எடுப்பதன்று. வெப்பம் 5 டிகிரிக்கு மேல், காற்றில்லாத மதியம், அருகே இன்னொருவர் துணைக்கு நிற்கும்போது உள்மூடியைத் தூக்கிப் பத்து விநாடி பாருங்கள். சட்டங்களின் தலைக்கட்டைகளில் தேனீக்கள் மொய்த்துக்கொண்டு நின்றால், அவை உண்டுகொண்டே மேலேறி உச்சிக்கு வந்துவிட்டன, மேலே இனி உணவு இல்லை என்று கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் கீழேயே இருந்தால், தலைக்கு மேல் இன்னும் தேன் இருக்கக்கூடும். எடையும் இந்தப் பார்வையும் ஒன்றையே சொன்னால் ஐயம் இல்லை. இரண்டும் முரண்பட்டால் பசியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் வைத்த சர்க்கரையால் கெடுதல் இல்லை, தேவையானபோது வைக்காததை ஈடுசெய்ய வழி இல்லை.

உணவு என்றதும் பாகு நினைவுக்கு வருவது இயல்பு. குமரியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேன் வரத்து நின்றுபோகும்போது உங்கள் அப்பா பாகுதான் வைத்திருப்பார். ஆனால் திரளாக நிற்கும் தேனீக்கள் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பாகைத் தொட வருவதில்லை. அதன் ஈரம் மட்டும் பெட்டிக்குள் ஏறும். இப்போது வேண்டியது உலர் சர்க்கரை. உள்மூடியை எடுத்துவிட்டு, திரளுக்கு நேர் மேலே சட்டங்களின் மீது ஒரு செய்தித்தாளை விரித்து, சுற்றிலும் இரண்டங்குல உயரமுள்ள விளிம்புச் சட்டம் ஒன்றை வைத்து, தாளின் மேல் இரண்டு கிலோ வெள்ளைச் சர்க்கரையைப் பரப்பி, மேலே சிறிது தண்ணீர் தெளித்துவிட்டு மூடுங்கள். தாளின் ஓரங்கள் விளிம்பை முழுவதும் அடைக்காமல் தேனீ ஏறிவர இடம் விடுங்கள். கைவசம் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டால் இந்த வேலைக்கு ஒரு நிமிடம் போதும். திரள் மூச்சுவிடும் ஈரத்திலேயே சர்க்கரை இளகும்; தேனீக்கள் தாளைக் கடித்துத் துளைத்து மேலே வந்து உண்ணும். கடைகளில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரைப் பாளமும் இதே பயனைத் தரும், விலைதான் கூடுதல். எப்படி வைத்தாலும் திரளைத் தொட்டபடி வையுங்கள். கடுங்குளிரில் திரளால் பக்கவாட்டில் நகர முடியாது, நான்கு அங்குலத்துக்கு அப்பால் நிறைந்த தேனடை இருக்க இந்தப் பக்கம் பட்டினியால் செத்த கூட்டங்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கருப்பட்டி ஏன் கூடாது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பலர் இயற்கையானது நல்லது என்ற எண்ணத்தில் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். கருப்பட்டி, வெல்லம், பழுப்புச் சர்க்கரை மூன்றிலும் தாதுப்புகளும் தேனீயால் செரிக்க முடியாத பிற பொருள்களும் உண்டு. மனிதருக்கு அவை நன்மை. நான்கைந்து மாதம் வெளியே போய் மலங்கழிக்க முடியாமல் அடைபட்டிருக்கும் தேனீக்கு அவை வயிற்றுப்போக்கு. நாள்தோறும் வெளியே பறக்கும் குமரித் தேனீ அதைத் தாங்கிக்கொள்ளலாம், இங்கே பனிக்குள் இருக்கும் தேனீ தாங்காது. மாச்சத்துக் கலந்த தூள்சர்க்கரையும் அதே காரணத்தால் வேண்டாம். கடைத் தேனை ஒருபோதும் வைக்காதீர்கள். அமெரிக்கப் புழு அழுகல் நோயின் வித்துகள் தேனில் இருக்கலாம், அவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை, ஆனால் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து ஒரு பெட்டியையே அழித்துவிடும்.

பனியில் நீங்கள் கண்ட துளிகளைப் பற்றி அச்சம் வேண்டாம். 6 டிகிரி என்றாலும் கறுப்பு உறை வெயிலை வாங்கிப் பெட்டியின் முகப்பைச் சூடாக்கியிருக்கும். வாரக்கணக்கில் அடக்கிவைத்திருந்த தேனீக்கள் வெளியே பறந்து வயிற்றை ஒழித்திருக்கின்றன. பனியின் மேல் மஞ்சள், பழுப்புத் துளிகள் விழுவது அந்தக் கூட்டம் உயிரோடிருப்பதன் அடையாளம். செத்துக் கிடந்தவை பெரும்பாலும் ஆயுள் முடிந்த கிழத் தேனீக்கள். சில வெளியே வந்து பனியில் இறங்கித் திரும்ப எழும்ப முடியாமல் விறைத்தவை. வெள்ளைப் பனியில் கரிய உடல்கள் எண்ணிக்கைக்கு மேலாகத் தெரியும். நவம்பரில் இருபதாயிரத்துக்கு மேல் தேனீக்களோடு குளிர்காலத்தில் நுழைந்த கூட்டத்துக்குச் சில நூறு இழப்பு பெரிதன்று. கவலைக்குரியது வேறு காட்சி: பெட்டியின் முகப்பிலும் உள்ளே சட்டங்களின் தலைக்கட்டைகளிலும் மலம் கோடுகோடாகப் பூசியிருப்பது. அது கெட்ட உணவாலோ நீண்ட அடைபாட்டாலோ நோசிமா என்னும் நுண்ணுயிரியாலோ இருக்கலாம். நோசிமாவை நுண்ணோக்கியில் வித்துகளை எண்ணிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும், கறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி மூன்றாவது பெட்டி. ஓசை கேட்காததாலேயே இறந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சிறிய திரள் நடுச்சட்டங்களில் ஆழமாக இருந்தால் வெளியே கேட்காது. பெட்டியின் பக்கத்தில் விரல் முட்டியால் ஒருமுறை தட்டிக் காது வையுங்கள். உயிருள்ள திரள் ஒரு சீற்றம் எழுப்பி அடங்கும். அதுவும் இல்லையென்றால் மேலேயிருந்து பாருங்கள். உயிரில்லை என்று தெரிந்தபின் அந்தப் பெட்டியை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அது எதனால் இறந்தது என்பதுதான் மற்ற இரண்டுக்கும் எதைக் கொடுக்கலாம் என்பதை முடிவுசெய்கிறது.

தேனீக்கள் அறைகளுக்குள் தலையை நுழைத்து வால் மட்டும் வெளியே தெரியக் கொத்தாக இறந்திருந்தால் அது பட்டினி. அடியில் கொறித்த மெழுகுத் துகளும் எச்சமும் கூட்டிய புல்லும் கிடந்தால் எலி புகுந்திருக்கிறது. ஆனால் பெட்டி நிறையத் தேன் இருக்க, தேனீக்கள் மட்டும் ஒரு கைப்பிடியளவாகச் சுருங்கி, அங்கங்கே மூடிய சில புழு அறைகள் எஞ்சியிருந்தால், தேனீயையும் அதன் புழுவையும் உறிஞ்சி வாழும் வரோவா உண்ணியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காலிப் புழு அறைகள் உள்ள சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வெயிலில் பிடித்து, அறைகளின் கூரைப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். உப்புத்தூள்போல் வெண்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை உண்ணியின் எச்சம். அப்படி என்றால் அந்தக் கூட்டம் மார்ச்சில் இறக்கவில்லை. குளிர்காலத் தேனீக்கள் புழுவாக வளர வேண்டிய ஆகஸ்டு, செப்டம்பரிலேயே அந்தப் புழுக்களை உண்ணி குடித்து ஆயுளைக் குறைத்துவிட்டது. நவம்பரில் நீங்கள் எத்தனை உறை போர்த்தியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

இந்த உண்ணியைப் பற்றி உங்கள் அப்பா சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. வரோவா உண்ணியின் பழைய வீடே, நம் ஊரில் பெட்டியில் வளர்க்கும் ஆசிய அடுக்குத் தேனீ. நம் ஊர்த் தேனீயிடம் அது பெரும்பாலும் ஆண்புழு அறைகளில் மட்டுமே பெருகுகிறது. பணித்தேனீக்களும் அதைத் தம் உடலிலிருந்து கடித்து நீக்குகின்றன. ஆகவே இரண்டும் நெடுங்காலமாக ஒன்றோடொன்று வாழ்ந்துவந்தன. நீங்கள் இங்கே வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த, நம் ஊரில் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் இனம். அந்த இனத்துக்கு இந்த உண்ணி புதிது, அதன் பணித்தேனீப் புழுவிலும் உண்ணி பெருகுகிறது. கனடாவில் 1989-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த உண்ணிதான் இன்றைக்கு இந்நாட்டின் குளிர்கால இழப்புக்கு முன்வரிசைக் காரணம். 2021-22 குளிர்காலத்தில் கனடா முழுவதும் சராசரியாக நூற்றுக்கு 45.5 கூட்டங்கள் அழிந்தன. அவற்றில் பெரும்பகுதி தொழிலாக வளர்ப்பவர்களுடையவை. மூன்றில் ஒன்றை இழந்ததற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம் என்பதற்காக இந்த எண்ணைச் சொல்கிறேன். ஆனால் ஆகஸ்டில் உண்ணிக் கணக்கெடுப்பை இந்த ஆண்டு தவறவிடாதீர்கள்.

அந்தப் பெட்டியின் தேனைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: பட்டினியோ குளிரோ ராணி இழப்போ உண்ணியோ காரணம் என்றால் கொடுக்கலாம். புழு அழுகல் நோய் என்றால் ஒரு சொட்டும் கூடாது. மூடிய புழு அறைகளின் மூடி குழிந்து, கறுத்து, நடுவே கிழிந்த துளையோடு இருக்கிறதா என்று பாருங்கள். அறைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டுக் கிளறி மெல்ல வெளியே இழுத்தால், பழுப்பு நிறக் கூழ் அறுபடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நூலாக நீள்வது அந்த நோயின் குறி. புழு காய்ந்துபோயிருந்தால் அறையின் அடிப்புறத்தில் உரிக்க முடியாத கரிய தோலாக ஒட்டியிருக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் பெட்டியை மூடி, மாகாண வேளாண் அமைச்சின் தேனீ ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். இங்கே அது சட்டப்படியான கடமையும்கூட. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்திய அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போனதை உங்கள் அப்பா கண்ணால் பார்த்திருப்பார். ஒரு பெட்டியின் அடை இன்னொரு பெட்டிக்குப் போவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள், நோய் வேறானாலும் அந்தக் கவனம் ஒன்றுதான்.

நோயில்லை என்றாலும் தேன் சட்டங்களை இப்போதே உயிருள்ள பெட்டிகளுக்குள் செருக வேண்டாம். அதற்குத் திரளைப் பிரிக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு உலர் சர்க்கரை போதும். இறந்த பெட்டியின் எல்லா வாசல்களையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் வெப்ப நாளிலேயே மற்ற தேனீக்கள் கொள்ளையடிக்க வந்து, உள்ளே இருப்பது எதுவாயினும் தம் கூட்டுக்குக் கொண்டுபோகும். சட்டங்களை எலி புகாத குளிர்ந்த இடத்தில் வைத்து, ஏப்ரலில் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் அந்தப் பெட்டிக்குள் உண்ணி மருந்துப் பட்டை வைத்திருந்தால் அதன் தேன் தேனீக்கே உரியது; வீட்டுச் சமையலறைக்கு வேண்டாம்.

முழுமையான சோதனைக்கு உரிய நாள் எப்படி வரும் என்று சொல்லிவிடுகிறேன். நிழலில் வெப்பமானி 15 டிகிரி காட்ட வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், வாசலில் தேனீக்கள் காலில் மகரந்தத்தோடு இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். தெற்கு ஒன்டாரியோவில் வெள்ளி மேப்பிளும் வில்லோவும் பூக்கும் ஏப்ரல் நடுவில் அப்படியொரு நாள் கிடைக்கும்; சில ஆண்டுகளில் ஏப்ரல் இறுதிவரை காத்திருக்க நேரும். மகரந்தம் வருகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி. ஆயினும் ராணி இல்லாத கூட்டமும் சிறிதளவு மகரந்தம் கொண்டுவரும், ஆகவே அதை மட்டும் நம்பிவிட முடியாது. அன்றைக்கும் ராணியைத் தேடி அலைய வேண்டாம். நடுச்சட்டம் ஒன்றைத் தூக்கி, வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளுக்குள் விழுமாறு பிடித்து, அறைக்கு ஒன்றாக அடியில் நிற்கும் முட்டை தெரிகிறதா என்று பாருங்கள். முட்டை தெரிந்தால் மூன்று நாட்களுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது, அது போதும். ஓர் அறையில் பல முட்டைகள், அதுவும் பக்கச்சுவரில் ஒட்டியிருந்தால், ராணி போய்ப் பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன. அப்போது அந்தக் கூட்டத்தைக் காப்பாற்ற முயல்வதில் நேரம் செலவிடாதீர்கள். ராணி இல்லாமல் போய், ஆனால் பணித்தேனீ முட்டையிடத் தொடங்காத கூட்டமாக இருந்தால், நோயில்லை என்று பார்த்தபின், நடுவே செய்தித்தாள் வைத்து மற்றக் கூட்டத்தின் மேல் அடுக்கிச் சேர்த்துவிடலாம். இந்த மாகாணத்தில் வளர்த்த ராணி மே இறுதிக்கு முன் கிடைப்பது அரிது, அதுவரை கிழத் தேனீக்கள் தாங்கமாட்டா.

அன்றைய சோதனையில் அடிப்பலகையைத் துடைத்து, திரளைவிட்டு விலகியிருக்கும் தேன் சட்டங்களைப் புழுவை ஒட்டி நகர்த்தி வையுங்கள்; இறந்த பெட்டியின் தேன் சட்டங்களுக்கும் அதுதான் இடம். கறுப்பு உறையை அதுவரை கழற்ற வேண்டாம்; மார்ச்சு வெயிலைப் பார்த்துக் கழற்றியவர்கள் ஏப்ரல் பனியில் வருந்துகிறார்கள். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கியபின், எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணீரும் கலந்த பாகு வைக்கலாம். மகரந்தப் பாளத்தை மட்டும் மார்ச் இறுதிக்கு முன் வைக்காதீர்கள். அது ராணியை மேலும் முட்டையிடத் தூண்டும், அத்தனை புழுக்களையும் போர்த்தி வைக்கப் போதுமான தேனீ அப்போது பெட்டியில் இராது. உண்ணிக் கணக்கையும் இந்த முதல் சோதனையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ராணி இல்லாத புழுச் சட்டத்திலிருந்து அரைக் கோப்பை, அதாவது முந்நூறு தேனீக்களை எடுத்து ஆல்கஹாலில் குலுக்கி, உதிரும் உண்ணிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் நூற்றுக்கு எத்தனை என்று தெரியும். முந்நூறு தேனீக்களைக் கொல்வது மனத்துக்குக் கடினமாக இருக்கும். எனக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் செய்கிறேன். ராணி ஒரு நாளில் இடும் முட்டையைவிட அது குறைவு, மேலும் அந்த எண் தெரியாமல் மருந்து வைப்பதோ வைக்காமல் விடுவதோ இரண்டும் குருட்டுத்தனம். மருந்து தேவைப்பட்டால் தேன் அடுக்கு ஏற்றுவதற்கு முன்பே வைத்து, பட்டையின் உறையில் அச்சிட்டுள்ள நாட்கணக்கின்படி எடுத்துவிட வேண்டும். அந்த மருந்து பார்மிக் அமிலமாக இருந்தால் அதற்கான வெப்ப வரம்பையும் பாருங்கள்.

இந்த வாரம் எடை, சர்க்கரை, மூன்றாவது பெட்டி. அதன்பின் பத்து நாட்களுக்கு ஒருமுறை மறுபடி எடையும் சர்க்கரையும். மூன்றாவது பெட்டியைத் திறந்ததும், தேனீக்கள் இறந்திருந்த இடத்தையும், புழு அறைகள் உள்ள இரண்டு சட்டங்களையும், அடிப்பலகையையும் நிழல் விழாமல் அருகிலிருந்து படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். தீக்குச்சிச் சோதனையில் நூல் நீண்டதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்தபின், அந்தத் தேன் சட்டங்களை ஏப்ரலில் எந்தப் பெட்டிக்கு எத்தனை கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.